3 கிலோ பாரை கிடைத்தது, குழம்பில் ரத்த வாடை: எங்கே தவறவிட்டேன்?

உப்புக்காற்று (இழையைத் தொடங்கியவர், நாகர்கோவில்)

எல்லோருக்கும் வணக்கம். தூண்டில் போடத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. இதுவரை கிழங்கான், சின்னப் பாரைக்குஞ்சு, அவ்வளவுதான். போன ஞாயிறு முட்டத்தில், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பாறையில் முதல்முறையாக ஒரு பெரிய பாரை கிடைத்தது. வீட்டுத் தராசில் 3 கிலோ 100 கிராம். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை, அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் சாப்பாட்டில் அது நிலைக்கவில்லை. அம்மா வழக்கம்போல் தேங்காய் வறுத்தரைத்துக் குழம்பு வைத்தார்கள். அப்பா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "இரும்பை நக்கின மாதிரி இருக்கு, ரத்த வாடை" என்று தட்டை ஒதுக்கிவிட்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இதே அம்மா, இதே மசாலா, சந்தையில் வாங்கிய பாரைக்கு ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

நடந்தது இதுதான். காலை 6 மணிக்கு மீன் ஏறியது. கோணிச் சாக்கை நனைத்து அதில் போட்டு நிழலில் வைத்தேன். இன்னொன்று கிடைக்கும் என்று 9 மணி வரை எறிந்தேன். வீட்டுக்கு வந்து வெட்டும்போது மணி பத்தரை.

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்த மீனுக்கு முன்னால் இதைவிடப் பெரியது ஒன்று அடித்து, பாறைப் பக்கம் ஓடித் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. 9 அடி ராடு, 5000 சைஸ் ரீல், பி.இ. 2 தடிமனில் பிரெய்டு (பின்னல் நரம்பு), அதன் முனையில் அரை முழம் லீடர் (முன் நரம்பு) 20 பவுண்டு, 30 கிராம் ஜிக் (உலோகப் பொய்மீன்). இதில் எதை மாற்ற வேண்டும்? அடுத்த மாதம் ரீலை மாற்றலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

முத்துநகர்_தூண்டில் (தூத்துக்குடி)

முதல் பெரிய பாரைக்கு வாழ்த்துகள். ரீலை மாற்ற வேண்டாம், அதைப் பிறகு பேசுவோம்.

முதலில் அறுந்த நரம்பின் நுனியைப் பாருங்கள். நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. கத்தியால் நறுக்கியது மாதிரி சுத்தமாக இருந்தால் பல். கடைசி ஒரு சாண் வெளுத்து, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால் பாறையில் ஒட்டியிருக்கிற சிப்பி அறுத்திருக்கிறது. எது என்று சொல்லுங்கள்.

உப்புக்காற்று

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். லீடருக்கு மேலே பிரெய்டே அறுந்திருக்கிறது. நுனி பஞ்சு மாதிரி பிரிந்து நிற்கிறது. அதற்கு மேலும் ஒரு சாண் நீளம் நிறம் போயிருக்கிறது.

முத்துநகர்_தூண்டில்

சிப்பிதான். பிரெய்டு நேர் இழுவைக்கு எமன், உரசலுக்குக் குழந்தை. பாறையில் நின்று போடுகிறவருக்கு அரை முழம் லீடர் போதவே போதாது. குறைந்தது இரண்டு மீட்டர், 40 அல்லது 50 பவுண்டு போடுங்கள். ஃப்ளூரோகார்பன் நரம்புதான் வேண்டும் என்று இல்லை, நல்ல தடித்த நைலான் நரம்பே உரசலைத் தாங்கும். பிரெய்டையும் லீடரையும் எஃப்.ஜி. என்கிற முடிச்சில் சேருங்கள். மெல்லிசாக இருப்பதால் ராடு வளையத்தில் இடிக்காது. வீட்டில் உட்கார்ந்து இருபது முப்பது முறை கட்டிப் பழகிவிட்டால் பாறையில் கை நடுங்காது.

அப்புறம் டிராக், அதாவது மீன் எவ்வளவு இழுத்தால் ரீல் நரம்பை விட வேண்டும் என்று வைக்கிற பிடி. கைக்கணக்கில் இறுக்காதீர்கள். பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசு கடையில் கிடைக்கும். அதன் கொக்கியில் நரம்பைக் கட்டி, வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லி, ராடை வளைத்து இழுங்கள். நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு வரும்போது ரீல் நரம்பை விட வேண்டும். உங்கள் பிரெய்டு 30 பவுண்டு என்றால் சுமார் 13 கிலோ, அப்படியானால் 3 கிலோ, மூன்றேகால் கிலோவில் டிராக் ஓட வேண்டும். பெரும்பாலோர் ஒன்றரைக் கிலோவில் வைத்துக்கொண்டு "மீன் ஓடிவிட்டது" என்பார்கள், இல்லையென்றால் ஒரேயடியாகப் பூட்டிவிட்டு "நரம்பு மட்டம்" என்பார்கள்.

நரம்பு மட்டமாக இருப்பதும் உண்டுதான். 50 பவுண்டு என்று அட்டையில் போட்ட ஒரு சுருளை இணையத்தில் மலிவாக வாங்கினேன். அதே தராசில் கட்டி இழுத்தால் 9 கிலோவில் அறுந்தது. அன்றிலிருந்து எந்தச் சுருள் வந்தாலும் முதல் வேலை தராசுதான்.

சீலா சுற்றுகிற நேரம் என்றால் லீடருக்கும் ஜிக்குக்கும் இடையில் ஒரு சாண் கம்பி லீடர் போடுங்கள். பல் அப்படி.

எண்ணூர்_அலை (சென்னை)

சீலாவுக்குக் கம்பி வேண்டும் என்பது சரி. ஆனால் முட்டத்தில் கரையில் நின்றால் சீலா அடிக்குமா? எங்களுக்கு எண்ணூர் பக்கம் முழ நீளத்தில் வரும், வாய் கொக்கு மாதிரி நீண்டிருக்கும்.

முத்துநகர்_தூண்டில்

நீங்கள் சொல்கிறது வேறு மீன். எங்கள் ஊரில் சீலா என்றால் நீங்கள் வஞ்சிரம் என்கிறீர்களே, அது. உங்கள் சீலாவுக்கு இங்கே ஊழி என்று பேர். குமரி மாவட்டத்தில் வஞ்சிரத்தை நெய்மீன் என்பார்கள். வெளியூரில் மீன் கேட்கும்போது பேரை விடப் படத்தைக் காட்டுவதே நல்லது. எப்படியிருந்தாலும் இரண்டுக்கும் பல் உண்டு, கம்பி கம்பிதான்.

நெய்தல்_நிலா (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கம் அந்த வஞ்சிரத்துக்குப் பேர் அறுக்குளா. நரம்பைத் தங்கூசி எண்டுதான் சொல்லுவம். தொடருங்கோ, வாசிச்சுக்கொண்டு இருக்கிறன்.

எண்ணூர்_அலை

வாடை விஷயத்துக்கு வருகிறேன். பாரைக்கே கொஞ்சம் ரத்தவாடை உண்டு, அது அந்த மீனின் குணம். கல் உப்பும் மஞ்சளும் போட்டு நாலு தண்ணீர் கழுவி, எலுமிச்சைச் சாறில் அரை மணி நேரம் ஊறவைத்தால் போய்விடும். மசாலாவைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள்.

வள்ளக்காரன் (குளச்சல் பக்கம்)

தம்பி எண்ணூர், கோவித்துக்கொள்ள வேண்டாம். இதில் எனக்கு வேறு கருத்து. இருபத்தைந்து வருடம் வள்ளத்தில் போனவன். உப்பும் எலுமிச்சையும் மேல்வாடையை எடுக்கும். சதைக்குள் தங்கிய ரத்தத்தை எதுவும் எடுக்காது. பாரைக்கு ரத்தம் அதிகம் என்பது உண்மை. ஓயாமல் நீந்துகிற மீன், பக்கவாட்டில் கருஞ்சிவப்புச் சதை ஒரு பட்டையாக ஓடும். அதனால்தான் ரத்தத்தைப் பாறையிலேயே வடிக்க வேண்டும். குழம்பு கெட்டது அடுப்பில் இல்லை. காலை 6 மணிக்கும் 6.10-க்கும் நடுவில் கெட்டது.

உப்புக்காற்று தம்பி, அடுத்த தடவை இப்படிச் செய்யுங்கள்.

மீன் கரைக்கு வந்ததும் துள்ள விடாதீர்கள். துள்ளத் துள்ளச் சதை சூடாகும், அடிபடும். கண்ணுக்குச் சற்று மேலே, மண்டையில், கனமான கட்டையால் ஒரே அடி. உடம்பு விறைத்து, பிறகு தளரும். இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும், அது நமக்கு வேண்டும். உடனே செவுள் மூடியைத் தூக்கினால் உள்ளே சிவப்பாகப் பூ மாதிரி விரிந்திருக்கும் இல்லையா, அதன் அடிப்பகுதி தொண்டையோடு சேர்கிற இடத்தில் கத்தியை விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். கயிறு கட்டிய வாளியில் கடல்தண்ணீர் மொண்டு, மீனைத் தலைகீழாக அதில் நிறுத்துங்கள். தண்ணீர் முதல் நிமிடத்திலேயே கருஞ்சிவப்பாகும். ஒருமுறை மாற்றுங்கள். இரண்டாவது தண்ணீர் இளஞ்சிவப்பு. பத்து நிமிடத்தில் செவுள் வெளுத்துப் போயிருக்கும். அதுதான் அடையாளம்.

பிறகு குடல். வயிற்றைக் கீறி எல்லாவற்றையும் எடுத்ததும், முதுகெலும்பை ஒட்டி உள்ளே ஒரு வெள்ளைத் தோல் தெரியும். அதைக் கீறினால் கறுப்பாகக் கட்டி ரத்தம் மாதிரி நீளமாக இருக்கும். வாடையில் பாதி அங்கேதான். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கடல்தண்ணீரில் கழுவுங்கள்.

அப்புறம் ஐஸ். ஐஸ் பெட்டியில் இரண்டு பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கடல்தண்ணீர் ஊற்றிக் கஞ்சி மாதிரி ஆக்கி, மீனை முழுக அமுக்கி வையுங்கள். உப்புத்தண்ணீர் என்பதால் நல்ல தண்ணீரை விடக் குளிர்ச்சி இறங்கும். வெறும் ஐஸ்கட்டி மேல் வைத்தால் தொடுகிற இடம் மட்டும் குளிரும். நல்ல தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், சதை சொதசொதத்துவிடும்.

ரீலுக்குச் சேர்த்த பணத்தில் ஒரு நல்ல ஐஸ் பெட்டி வாங்குங்கள். இருக்கிற ரீல் அந்த மீனைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. நம்மிடம் இல்லாதது பெட்டிதான்.

எண்ணூர்_அலை

அண்ணே, கோபம் எதுவும் இல்லை. நான் கரையில் ரத்தம் வடித்ததே இல்லை. அந்த முதுகெலும்புக் கறுப்பு விஷயமும் தெரியாது. அடுத்த ஞாயிறே செய்து பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: சந்தை மீனுக்கு யாரும் இப்படி ரத்தம் வடிப்பதில்லையே, அது ஏன் வாடை அடிப்பதில்லை?

வள்ளக்காரன்

நல்ல கேள்வி. எங்கள் பக்கம் வள்ளத்தில் பெரிய மீன் ஏறினால் உடனே ஐஸுக்குள் போய்விடும். அது முக்கால் வேலையைச் செய்துவிடும். தம்பியின் மீன் நாலரை மணி நேரம் ஈரச்சாக்கில், குடலோடு, வெயில் ஏறும் நேரத்தில் கிடந்தது. ரத்தமும் வடியவில்லை, குளிரும் இல்லை.

இதில் வாடையை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சூரை, அயிலை, சாளை மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் போட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் சதையில் சேரும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு, வயிற்றுப்போக்கு. பலர் "மீன் அலர்ஜி" என்று நினைப்பதில் சில இதுவாகவே இருக்கும். அதனால் ஐஸ் ருசிக்காக மட்டும் இல்லை.

மண்சட்டி_அக்கா (மார்த்தாண்டம்)

வள்ளக்காரன் அண்ணன் சொன்னதோடு சமையல் பக்கத்தை நான் சேர்க்கிறேன்.

பெரிய பாரையைப் பிடித்த அன்றே சமைக்காதீர்கள். செத்த மீன் சில மணி நேரத்தில் கம்பு மாதிரி விறைக்கும். அந்த நேரத்தில் துண்டு போட்டுச் சட்டியில் வைத்தால் சுருங்கி ரப்பர் மாதிரி ஆகும். சுத்தம் செய்து, துணியால் ஈரத்தை ஒற்றி, ஐஸிலோ ஃப்ரிட்ஜிலோ ஒரு நாள் வைத்தால் விறைப்பு விட்டு, சதை இதழ் இதழாக வரும். கிழங்கான், சாளை எல்லாம் அப்படியில்லை, அன்றே அடுப்பு ஏற வேண்டும்.

ஒரு கிலோ பாரைக்கு நான் வைக்கிற கணக்கு: அரை மூடித் தேங்காய்த் துருவல், பத்துப் பன்னிரண்டு சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), எட்டு வற்றல் மிளகாய், இரண்டு கரண்டி மல்லி, ஒரு சிறு கரண்டி நல்லமிளகு, கொஞ்சம் மஞ்சள், கறிவேப்பிலை. தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி விட்டு முதலில் தேங்காயை வறுங்கள். இங்கே அவசரம் கூடாது. தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை போய் மஞ்சள், மஞ்சள் போய் வறுத்த காப்பிக்கொட்டை நிறம் வரும்போது வீடு முழுக்க மணக்கும். அப்போது மல்லியையும் மிளகாயையும் போட்டு, இரண்டு பிரட்டில் இறக்கிவிடுங்கள். சட்டிச் சூட்டிலேயே மீதி வறுபடும். ஒரு நொடி தாண்டினால் கசக்கும். ஆறியதும் வெண்ணெய் மாதிரி அரையுங்கள்.

மண்சட்டியில் அரைத்த கூட்டு, எலுமிச்சை அளவு புளிக்கரைசல், உப்பு. புளிக்குப் பதில் மூன்று சுளை கொடம்புளி போட்டாலும் அருமை. பச்சை மாங்காய்க் காலம் என்றால் ஒரு மாங்காய். நன்றாகக் கொதித்து ஓரத்தில் எண்ணெய் தெளிந்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். போட்ட பிறகு கரண்டி உள்ளே போகவே கூடாது. சட்டியின் காதைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். பத்து நிமிடம். மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி. அவித்த மரச்சீனிக் கிழங்கோடு, மறுநாள் காலையில்.

அந்தக் கருஞ்சிவப்புப் பட்டையைச் சிலர் வெட்டி எறிவார்கள். ரத்தம் வடித்த மீனில் எறிய வேண்டியதில்லை. குழம்பில் அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

நெய்தல்_நிலா

அக்காவின்ர குழம்பு வாசிக்கவே பசிக்குது. நான் இன்னொண்டு சொல்லுறன். மீன் உண்மையா நல்லா இருக்கோ எண்டு அறிய வேணுமெண்டால் சொதி வையுங்கோ. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, துளி மஞ்சள், உப்பு, தேங்காயின்ர இரண்டாம் பாலில மீனை அவிய விட்டு, கடைசியில முதற்பாலை விட்டு, ஒரு கொதி வரமுந்தி இறக்கி, தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி விடுறது. அவ்வளவுதான். ஒளிக்க மசாலா இல்லை. மீனில பழுது இருந்தால் முதல் வாயிலயே தெரிஞ்சுபோகும். எங்கட வீட்டில ஓராவும் விளைமீனும் அனேகமாச் சொதிதான். அம்மம்மா சந்தையில மீன் வேண்டிக்கொண்டு வந்தால், "இது சொதிக்கு ஆகும், இது குழம்புக்கு" எண்டு பிரிக்கிறதே இந்தக் கணக்கிலதான்.

ஓராவைத் தூண்டிலால கழட்டேக்க கவனம். முதுகிலயும் வயித்திலயும் இருக்கிற முள்ளு எல்லாம் விஷம். குத்தினால் கை முழுக்கக் கடுக்கும்.

முத்துநகர்_தூண்டில்

முக்கியமான விஷயம். கெளுத்தியும் அப்படித்தான், முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. குத்திவிட்டால் கை தாங்குகிற அளவுச் சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி, அரை மணியில் இருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைக்க வேண்டும். அந்த விஷம் சூட்டில் சிதையும். தண்ணீரை இன்னொரு கையால் தொட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள், குத்துப்பட்ட கைக்குச் சூடு தெரியாது. முள் உள்ளே ஒடிந்திருந்தாலும் வலி குறையாவிட்டாலும் மருத்துவமனை, டி.டி. ஊசி. நான் ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டுபோகும்போது வெறும் வெந்நீரும் ஒன்று கொண்டுபோவது இதற்குத்தான்.

உடம்பை ஊதிக்கொள்கிற பேத்தை மீன் மாட்டினால் விட்டுவிடுங்கள். அதன் விஷம் கொதித்தாலும் சாகாது.

தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. "அண்ணே, தீவுக்குப் போய்ப் போடலாமா" என்று வாரம் ஒருவர் கேட்கிறார். அனுமதி இல்லாமல் போகக்கூடாது. கரையிலேயே போதுமான இடம் இருக்கிறது.

வள்ளக்காரன்

முட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு மனசு ஆறாது. அந்தப் பாறையில் காற்றே இல்லாத, வானம் தெளிவான நாளிலும் திடீரென்று கடல் ஏறும். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை நாள்கணக்காக ஓடி வந்து இங்கே மோதும். கள்ளக்கடல் என்று எங்கள் ஆட்கள் சொல்வது அதைத்தான். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது அப்படிப்பட்ட ஒரு நாளில். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. கிளம்புவதற்கு முந்தைய இரவு அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாறைக்குப் போனதும் உடனே எறியாதீர்கள். கால் மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும், ஏழெட்டுச் சின்னதுக்குப் பிறகு பெரியது இரண்டு மூன்று வரும். அந்தப் பெரியது எதுவரை நனைக்கிறதோ அதற்கு மேலே நில்லுங்கள். பாசி படிந்து கறுத்த பாறையில் கால் வைக்கவே வேண்டாம். தனியாகப் போக வேண்டாம். லைஃப் ஜாக்கெட் போட்டால் எறிய முடியாது என்பவர்களுக்குக் காற்றடைக்கிற மெல்லிய வகை இருக்கிறது. வாளியில் தண்ணீர் மொள்ளும்போது கயிறைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

உப்புக்காற்று

எல்லோருக்கும் நன்றி. வாசித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். நான் அந்த மூன்று மணி நேரம் இன்னொரு மீனுக்காக எறிந்துகொண்டே இருந்தபோது, கிடைத்த மீனை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. 20 லிட்டர் ஐஸ் பெட்டி வாங்கிவிட்டேன். லீடருக்கு 50 பவுண்டு நைலான். எஃப்.ஜி. முடிச்சு இன்னும் வழுக்குகிறது, தினமும் இரவு கட்டிப் பழகுகிறேன்.

ரீலை ஒவ்வொரு முறையும் குழாயடியில் பிடித்துக் கழுவுகிறேன், அது சரியா?

முத்துநகர்_தூண்டில்

வேகமான குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பை உள்ளே தள்ளிவிடும். டிராக்கை இறுக்கிவிட்டு, பூவாளியில் ஊற்றுகிற மாதிரி மெதுவாக ஊற்றி, துணியால் துடைத்து, பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்தி நிழலில் காயவையுங்கள். ராடு வளையங்களையும் துடையுங்கள், உப்புப் பூத்த வளையம் பிரெய்டைத் தின்னும். முடிச்சு வழுக்குவது பெரும்பாலும் சுற்றும்போது நரம்பு தளர்ந்திருப்பதால். பிரெய்டை விறைப்பாகப் பிடித்து, லீடரை அதன்மேல் மாற்றி மாற்றிப் போடுங்கள், இருபது சுற்றுக்குக் குறையக்கூடாது. கடைசியில் எச்சில் தொட்டு இழுத்து இறுக்கும்போது பிரெய்டின் நிறம் கொஞ்சம் கறுக்கும். கறுத்தால் பிடித்துவிட்டது.

உப்புக்காற்று (மூன்று வாரம் கழித்து)

நேற்றைக்கு முந்தைய நாள் போனோம், நானும் சித்தப்பா மகனும். முதல் ஞாயிறு எச்சரிக்கை இருந்ததால் போகவில்லை, இரண்டாவது ஞாயிறு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்தத் தடவை காலை 5.50-க்கு அடித்தது. பாறைப் பக்கம்தான் ஓடியது, லீடர் முழுக்கக் கீறல், ஆனால் பிடித்தது. 2 கிலோ 400.

மண்டையில் அடிக்கும்போது கை கூசியது, ஒரே அடியில் முடிக்க வேண்டும் என்று வள்ளக்காரன் அண்ணன் சொன்னதை நினைத்துக்கொண்டேன். செவுளை அறுத்து வாளியில் விட்டதும் தண்ணீர் நிறம் மாறியதைப் பார்த்தபோதுதான், போன மீனில் இவ்வளவும் உள்ளேயே இருந்திருக்கிறது என்று புரிந்தது. பத்து நிமிடத்தில் செவுள் வெளிறிய ரோஜா நிறம். முதுகெலும்புக் கறுப்பை பிரஷ் போட்டு எடுத்தேன். ஐஸ் கஞ்சியில் அமுக்கிவிட்டு, ராடையும் மடக்கிவிட்டேன்.

ஒரு நாள் வைத்திருந்து நேற்று சமைத்தோம். தலையும் நடுத்துண்டும் குழம்பு, வால்பக்கம் நெய்தல்_நிலா சொன்ன சொதி. எங்கள் வீட்டில் மீனுக்குச் சொதி வைத்ததே இல்லை, அம்மா பயந்து பயந்துதான் வைத்தார்கள். அப்பா முதலில் சொதியைத்தான் ஊற்றிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு, "வால் மட்டும்தானா?" என்று கேட்டார்.

மண்சட்டி_அக்கா

அடுத்த தடவை தலையையும் சொதிக்கே போடுங்கள் தம்பி. கன்னச்சதை அப்பாவுக்கு.